பவளத்துக்குப் போதுமான வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்கு மீன் பைத்தியம் என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், அதற்குள் நாலு மீன். இதெல்லாம் ஒரு குறையா என்று நானும் தலையை ஆட்டினேன். முப்பது தாண்டியவளுக்கு இரண்டாம் தாரமாகத்தான் வரன் வரும் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் முடிவு கட்டிவிட்டிருந்த சமயம் அது.

எங்கப்பா ஞானசேகரன் அன்றைக்குக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மொத சம்சாரம் எப்பிடித் தம்பி தவறுனாங்க?"

"தூக்கத்துலயே போயிட்டாங்க மாமா," என்றார் ராஜ்கமல். "ஒரு நாள் தலைவலின்னு படுத்தவங்க இல்ல. காலையில எழுப்புனேன், எழுந்திரிக்கல."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நன்றாக வாழ்ந்தவள், விதி முடிந்து போய்விட்டாள், பாவம் இந்த மனுஷன் என்றுதான் இருவருக்கும் தோன்றியது. அந்த ஒரு பதிலை நம்பித்தான் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சிதம்பரத்துக்கு வந்து கழுத்தை நீட்டினேன். அது பொய் என்றால் என் கல்யாணமே பொய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு இவள் ஏன் இப்படி ஆடினாள் என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது.

ராஜ்கமலுக்குச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், முதலில் தொட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் முதுகு மட்டும்தான் நமக்கு. வெயில் பட்டால் தொட்டியில் பாசி பிடிக்குமாம், அதனால் ஹால் ஜன்னல்களைச் சாத்திக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார். சுவரெல்லாம் பழைய மஞ்சள் சுண்ணாம்புக் கலர், அழுது வடியும். பெயின்ட் அடிக்கலாம் என்று நான் கேட்காத மாதம் இல்லை. பெயின்ட் வாசம் மீனுக்கு ஆகாது என்று பதில் வரும். மீனுக்கு ஆகாதது எனக்கு ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணமாகி ஒரு வருடம் நெருங்கும்போது அவருக்கு மீன் போதாமல் பவளம் வளர்க்க ஆசை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கடலூர் முதுநகருக்குப் போனார். அங்கே ஆரோக்கிய பிரபு என்று அவருடைய சிநேகிதர். துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். வீட்டில் ஓர் அறை முழுக்கத் தொட்டிகள். தொட்டி வைக்கிறவர்களுக்கு லைட்டும் பவளமும் வாங்கித் தருவது அவருடைய உபதொழில்.

"மொதல்ல லைட்ட முடிவு பண்ணு மச்சான். பவளத்தப் பத்தி அப்புறம் பேசலாம்," என்றார் பிரபு. "கல்லுப் பவளம் மட்டும் கேக்காத. அத வச்சிருந்தா கேஸ் ஆயிடும். நான் குடுக்குறது மெத்துன்னு இருக்குற ஜாதி. பில்லோட வர்றது."

நான் சும்மா இருப்பேனா? "எங்க வூட்டு ஹால்ல நாலடி ட்யூப் லைட் பளிச்சுன்னு எரியிதுண்ணே. அது பத்தாதா?"

"நம்ம கண்ணுக்குப் பத்தும் தங்கச்சி, அதுக்குப் பத்தாது. இது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அது வெளிச்சத்துல சமைக்கும், இது சாப்புடும். வெளிச்சம் கம்மியா இருந்தா பட்டினி. ஜாஸ்தியாப் போனா அந்தப் பாசியையே வெளிய துப்பிட்டு, வெள்ளையாப் போயி செத்துடும்."

"பொம்பளைங்க மாதிரிதான்," என்று சமையலறையிலிருந்து அவர் மனைவி மேரி ஷாலினி குரல் கொடுத்தாள். "கவனிக்காட்டி மூஞ்சி வாடிப்போவும். திடீர்னு ஜாஸ்தியா கவனிச்சா சந்தேகம் வந்துடும்."

பிரபு மூன்று லைட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று வெறும் வெள்ளை. ஒன்று பாதி வெள்ளை, பாதி நீலம். மூன்றாவது கம்பியில் தொங்குகிற கறுப்புப் பெட்டி. நீலமும் ஊதாவும் அதில்தான் அதிகம். ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் சிவப்பையெல்லாம் விழுங்கிவிடுமாம், அடிவரைக்கும் போய்ச் சேருவது நீலம்தானாம். அதனால் பவளத்தின் வயிறு நீலத்துக்குப் பழகியது என்றார். அறை விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கறுப்புப் பெட்டியைப் போட்டுக் காட்டினார்.

அதுவரை அழுக்குத் துணி மாதிரி கிடந்த பவளங்கள் பச்சையும் ஆரஞ்சுமாக எரிய ஆரம்பித்தன. பிரபுவின் வெள்ளைச் சட்டை, என் நகங்கள், ராஜ்கமலின் பல் எல்லாம் தனித்தனியாக மிதந்தன. அப்போது பார்த்து மேரி ஷாலினி காபியோடு உள்ளே வந்தாள். டம்ளரைப் பிடித்திருந்த அவள் விரல் நுனியெல்லாம் பச்சை கலந்த மஞ்சளில் மின்னியது.

"ஐயோ அக்கா, கையில என்னா?"

"மஞ்சத்தூளு," என்று சிரித்தாள். "மீனுக்கு மசாலா தடவிட்டு சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தாம்மா வரேன். போவாது. இந்தப் பாழாப்போன வெளிச்சம் மட்டும் கண்டுபுடிச்சிடும். நான் எந்தச் சுவத்துல கை வச்சேன்னு இவரு வந்து கேப்பாரு."

ராஜ்கமல் பாதி வெள்ளை லைட்டே போதும் என்றார். நீலம் கண்ணைக் குத்துகிறது என்றார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வாங்குவது என்றால் இதுதான், இல்லாவிட்டால் பவளமே வேண்டாம் என்றேன். அந்த வீட்டில் நானாகத் தேர்ந்தெடுத்த முதல் பொருள் அது.

பிரபு அந்த லைட்டை எங்கள் இருவர் போனிலும் இணைத்துக் கொடுத்தார். எங்கே இருந்தாலும் ஒரு கோட்டை விரலால் இழுத்தால் வெளிச்சம் ஏறும், இறங்கும். "நாப்பதுக்கு மேல போவாத மச்சான். உன் தொட்டிக்கு அதுவே தாராளம்," என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ராஜ்கமலே லைட்டை மாட்டினார். பவளத் துண்டுகளைத் தண்ணீரில் பழக்கி, கல்லில் ஒட்டி வைத்தார். ட்யூப் லைட்டை அணைத்து, போனில் நீலத்தை ஏற்றினார். தொட்டி அழகாகத்தான் இருந்தது. "இலக்கியா, பாத்தியா," என்று குழந்தை மாதிரி குதித்தார். அவரைப் பார்த்துச் சிரிக்க நான் திரும்பினேன். அப்போதுதான் சுவர் கண்ணில் பட்டது.

படுக்கையறை வாசலிலிருந்து தொட்டி வரைக்கும் ஒரு நீளச் சுவர் உண்டு. அந்தச் சுவர் முழுக்கக் கைகள். விரல் விரிந்த கைகள், பச்சை கலந்த மஞ்சளில், ஒன்றன்பின் ஒன்றாக. சிலவற்றில் ரேகைகூடத் தெரிந்தது. மஞ்சள் கறைதான் என்று எனக்கு உடனே புரிந்தது. புரிந்தும் முதுகு சில்லிட்டது. என் கை அகலம். ஆனால் இவை சின்னக் கைகள்.

ராஜ்கமல் சுவரைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "ரேகா," என்றார். அவருடைய முதல் சம்சாரத்தின் பெயர் அது.

என் மாமியார் மாரியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தார். அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டு தரையில் விழுந்துவிட்டார். எங்கள் பக்கத்தில், புருஷனுக்கு முன்னால் மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். வீட்டில் நல்லது நடக்கும்போது புதுப்புடவை வைத்துப் படைத்து, வந்து ஆசீர்வாதம் பண்ணு தாயே என்று அவளைக் கூப்பிடுவோம். என் கல்யாணத்துக்கு முன்பும் ரேகாவுக்குப் படைத்துத்தான் எனக்குத் தாலி ஏறியது.

"நேர்ல வந்துட்டாடா! மஞ்சக் கையோட வந்து நிக்கிறா, மகராசி!" என்று அத்தை அழுதார். அன்று சாயங்காலமே தன் தோள் உயரத்தில் தெரிந்த ஒவ்வொரு கைக்கும் நடுவில் குங்குமம் வைத்தார். மல்லிகைச் சரம் தொங்கவிட்டார். விளக்கேற்றி, சர்க்கரைப் பொங்கல் படைத்தார். என்னையும் கும்பிடச் சொன்னார்.

கும்பிட்டேன். வயிறு எரிந்துகொண்டே கும்பிட்டேன் என்பதுதான் உண்மை. ஒரு வருடமாக இந்தச் சுவரில் ஓர் ஆணி அடிக்க எனக்கு உரிமை இல்லை. செத்துப்போனவள் சுவர் முழுக்க நிற்கிறாள், அவளைக் கொண்டுவந்த லைட்டை நானே அடம்பிடித்து வாங்கியிருக்கிறேன். ராஜ்கமல் மட்டும் கும்பிடவில்லை. கடையைத் திறக்க வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறந்து நான் பார்த்ததே இல்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம். ஹாலில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீல வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அத்தை வைத்த குங்குமம் எல்லாம் என் தலைக்கு மேலே இருந்தது. என் கண்ணுக்கு நேரே, பூவும் குங்குமமும் இல்லாமல், வேறு கைகள் இருந்தன.

கீரையைக் கீழே வைத்தேன். மேலே தோள் உயரத்தில் ஒரு வரிசை. அதற்குக் கீழே இடுப்பு உயரத்தில் ஒரு வரிசை. அதற்கும் கீழே, முழங்கால் உயரத்தில், இன்னொரு வரிசை. ஆசீர்வாதம் பண்ணுகிற கை இப்படி வராது. சுவரைப் பிடித்து நடக்கிற கைதான் இப்படி வரும். முதலில் நின்று நடந்திருக்கிறாள். பிறகு குனிந்து நடந்திருக்கிறாள். கடைசியில் தவழ்ந்திருக்கிறாள்.

எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மேல் வரிசையிலும் நடு வரிசையிலும் சில கைகள் தொட்டிப் பக்கம் நீட்டியிருந்தன, சில படுக்கையறைப் பக்கம். போயிருக்கிறாள், திரும்பியிருக்கிறாள். கீழ் வரிசைக் கைகள் அத்தனையும் தொட்டியைப் பார்த்தே இருந்தன. திரும்பி வந்த கை ஒன்றுகூட இல்லை. மத்தியான வெயில் வெளியே கொளுத்த, எனக்கு அந்த ஹாலில் பல் கிட்டியது.

அத்தையிடம் மெதுவாகத்தான் கேட்டேன். ரேகா இருந்த காலத்தில் அவர் காட்டுமன்னார்கோயிலில் மகள் வீட்டில் இருந்தார். எப்போதாவதுதான் வருவாராம்.

"ஏன் அத்தை, ரேகா அக்கா கையில எப்பவும் மஞ்சள் இருக்குமா?"

"ஆமாம்மா, எப்பப் பாரு மஞ்சப் பத்துதான். நல்லெண்ணெயில மஞ்சளக் கொழச்சி கைகால்ல பூசிக்கும். வீக்கமாம். நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குதுன்னும் சொல்லும். நடுத்தர வயசுல எல்லாருக்கும் வர்றதுதானேன்னு நானும் வுட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அவர் பூக்கட்டப் போய்விட்டார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெய்வமாக்கிய பிறகு அவள் கால் வீங்கியதா என்று யார் யோசிக்கிறார்கள்.

அன்றிரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ராஜ்கமலே பேச்சை எடுத்தார். "அந்தச் செவத்துக் கறை... அது போவாதா?"

"எதுக்குப் போவணும்? அத்தை படைக்கிறாங்கல்ல."

"சும்மா கேட்டேன்."

"மஞ்சக் கறை சோப்புக்குப் போவாதுங்க. வெயில்ல போட்டா தானா வெளுத்துடும். பொடவையில பட்டா அப்பிடித்தான் எடுப்போம்," என்றேன். ஏன் கேட்கிறார் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரமே பவளங்கள் வாட ஆரம்பித்தன. விரிந்து ஆடிக்கொண்டிருந்தவை சுருங்கிக் கல்லோடு ஒட்டிக்கொண்டன. பச்சையாக இருந்தது ஓரத்திலிருந்து வெளுத்தது. சொந்தப் பிள்ளை மாதிரி பார்க்கிற மனுஷன் இதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. பிரபுவுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளையாவுதா? வெளிச்சம் ஜாஸ்தி தங்கச்சி. எவ்வளவுல வச்சிருக்கான்?"

என் போனைத் திறந்து பார்த்தேன். கோடு கடைசி முனையில் இருந்தது. "நூறுண்ணே."

"நூறா? அவன் என்னா அத வேவ வைக்கிறானா? தொட்டி வைக்கிற வேலைய இருபது வருசமாப் பாக்குறவன் அவன். இது தெரியாம இருக்காதே!"

தெரியாமல் இல்லை. போனை வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனேன். லைட் தண்ணீரைப் பார்த்துத் தொங்கவில்லை. கம்பியைச் சுருக்கி, பெட்டியைச் சாய்த்து வைத்திருந்தார். பாதி வெளிச்சம் தொட்டிக்கு, பாதி சுவருக்கு. மேல் வரிசைக் கைகளில் பாதி இல்லை. குங்குமப் பொட்டுகள் மட்டும் வெறும் சுவரில் நின்றன. நடு வரிசை மங்கிப் புகை மாதிரி ஆகியிருந்தது.

சுவரிலிருந்து அவள் கைகளை அழிக்கப் பவளத்தைச் சாகக் கொடுக்கிறார் என்று புரிந்ததும் எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். ஸ்டூலை இழுத்துத் தள்ளினேன். தொட்டியின் கீழே இருக்கும் மரப் பெட்டியின் பக்கவாட்டில், அவர் உட்காருகிற இடத்துக்கு ஒரு கை தூரத்தில், நாலு விரல் பதிந்து தரை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. ஸ்டூல் மறைத்ததால் அங்கே இதுவரை நேராக வெளிச்சம் பட்டதில்லை. நல்ல பளிச்சென்று இருந்தது.

அவர் மத்தியானம் சாப்பிட வந்தார். அத்தை தெற்குச் சன்னதிக்குப் பூ கொடுக்கப் போயிருந்தார். நான் அந்த விரல்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. ஸ்டூலைக் காட்டினார். "இங்கதான்."

"எங்கப்பா கேட்டதுக்கு என்னா சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்." அவர் குரல் உடைந்தது. "தண்ணி மாத்திட்டு இருந்தேன் இலக்கியா. பைப்பு ஒரு முனை தொட்டியில, ஒரு முனை பக்கெட்டுல. பின்னாடி வந்து 'என்னங்க'ன்னா. வுட்டா ரூம் பூரா தண்ணி ஆயிடும். 'வரேன்'னேன். திரும்பக் கூப்புட்டா. 'வரேன் இரு'ன்னேன்."

"அப்புறம்?"

"மாத்தி முடிச்சேன். திரும்புனா, தரையில படுத்திருந்தா. காத்துக்குப் படுத்திருக்கான்னு நெனச்சேன். பக்கெட்ட தூக்கிட்டு அவளத் தாண்டிப் போயி கொல்லையில ஊத்திட்டு வந்தேன். அப்பவும் அதே மாதிரிதான் இருந்தா."

தாண்டிப் போயிருக்கிறார். அந்த வார்த்தைதான் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. இத்தனை நாளாக அந்த இடத்தில்தான் நான் கீரை ஆய்ந்திருக்கிறேன், துணி மடித்திருக்கிறேன்.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அத்தையிடம் சொன்னேன். ராஜ்கமல் தடுக்கவில்லை. வாசலில் நின்று, "திரும்பி வருவியா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாதது நிஜம்தான். ஒருநாள் நான் விழுந்தாலும் இந்த மனுஷன் தாண்டிப் போவாரா, மாட்டாரா? அது தெரியாமல் அந்த வீட்டில் எப்படிப் படுத்துத் தூங்குவது?

என்ன நடந்தது என்று மேல்பட்டாம்பாக்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். கோடு நூறில் நின்றது. விரலால் இழுத்து நாற்பதுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி நூறுக்கு ஏறியது. நான் இறக்கினேன். அவர் ஏற்றினார். அவர் கடையில் இருந்துகொண்டு, நான் பிறந்த வீட்டில் இருந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஜன்னல் சாத்திய ஹாலில் ரேகாவின் கைகளை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம். அப்பா என் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போனில் ஏதோ விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

மறுநாளும் அதே கதை. சாயங்காலம் ஆத்திரம் தாங்காமல் ஒரு செய்தி அனுப்பினேன். "அழிச்சிட்டா நடக்கலன்னு ஆயிடுமா? அவங்க கடைசியா தொட்டது அதுதான். அதையும் எடுத்துக்காதீங்க." அவர் படித்துவிட்டார் என்று காட்டியது. பதில் இல்லை. ஆனால் நான் நாற்பதில் இழுத்து வைத்த கோடு அதற்குப் பிறகு ஏறவில்லை.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம். அம்மா மோர் குழம்பு கொதிக்கவிட்டிருந்தாள். பழக்கதோஷத்தில் போனைத் திறந்தேன். கோடு நாற்பதில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. யாரோ விரலை எடுக்காமல் பொறுமையாக இழுக்கிற மாதிரி இறங்கி, சுழியத்தில் நின்றது. கரண்ட் போனால் தொடர்பு இல்லை என்று எழுதிக் காட்டும். அப்படி எதுவும் வரவில்லை. லைட் உயிரோடுதான் இருந்தது, யாரோ இருட்டாக்கியிருந்தார்கள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பவளம் போனால் போகட்டும், அவள் கை இருக்கட்டும் என்று கடைசியில் முடிவு செய்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்குப் பிரியம் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? உடனே கூப்பிட்டேன்.

"இலக்கியா?" பின்னால் ஒரே பஸ் இரைச்சல். "நானே கூப்புடணும்னு இருந்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். பண்ருட்டி பஸ்ஸுக்கு. உன்னக் கூட்டிப் போவத்தான் வரேன். மாமாகிட்ட எல்லாத்தையும் நானே சொல்லிடுறேன்."

"சரிங்க," என்றேன். "லைட்ட அணைச்சீங்களே, அதுக்குத்தான் கூப்புட்டேன்."

"நான் எங்க அணைச்சேன்?"

"இப்பத்தாங்க. என் கண்ணு முன்னாடி எறங்குச்சு."

"நான் தொடலியே. உன் மெசேஜப் பாத்ததும் என் போன்ல இருந்து அந்த ஆப்பையே எடுத்துட்டேன். இனிமே அதத் தொடறதில்லன்னுதான்."

"அத்தை..."

"அம்மா அக்கா வூட்டுக்குப் போயிருக்காங்க, காலையிலயே. வூட்ட நான்தான் பூட்டிட்டு வந்தேன். சாவி என் பாக்கெட்டுல இருக்கு."

போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். சுழியத்தில் நின்ற கோடு கொஞ்சம் மேலே ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. இடைவெளி விட்டு, அவசரமில்லாமல், ஒருத்தர் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருந்து மறுபடி தட்டுகிற மாதிரி. என் கை முழுக்க மயிர் குத்திட்டு நின்றது. ஆனால் ஓடி ஒளிய வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் என்னைக் கூப்பிடவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"இலக்கியா? லைன்ல இருக்கியா? பஸ் வந்துடுச்சு, ஏறப்போறேன்."

"ஏறாதீங்க. சிதம்பரத்துக்குத் திரும்பிப் போங்க."

"ஏன்? நீ வரமாட்டியா?"

"நான் எங்கயும் போவலைங்க. இங்கதான் இருப்பேன். நீங்க மொதல்ல வூட்டுக்குப் போங்க. ரேகா அக்கா கூப்புடுறாங்க."

என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. விளக்கம் கேட்கவில்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல அவர் வாயெடுத்தார். "வரேன்..."

"வரேன்னு சொல்லாதீங்க," என்றேன். "போங்க."

போனை அவர் அணைக்கவில்லை. செருப்புச் சத்தம் வேகமாக ஓடுவது கேட்டது. அப்புறம் "சிதம்பரம், சிதம்பரம்" என்று ஒரு கண்டக்டர் கூவுவது பக்கத்தில் கேட்டது.